பொன்னியின் செல்வன்: கல்வெட்டு சொன்னது எது, கல்கி சேர்த்தது எது, படம் வெட்டியது எது?

கல்கியின் சோழர் கால நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று திரைக்கு வந்தது. அன்றிலிருந்து இங்கே மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையானாலும் சரி, பினாங்கு லிட்டில் இந்தியாவானாலும் சரி, குடும்ப வாட்ஸ்அப் குழுவானாலும் சரி, இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே கட்சி பிரிந்துவிடுகிறது. நாவலைப் படித்தவர்கள் "கல்கியைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். படிக்காதவர்கள், குறிப்பாக மலாய் வசன வரிகளைப் பிடித்துக்கொண்டு பார்த்த இளையவர்கள், "யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது" என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு குரல்: "இதெல்லாம் நடந்த வரலாறு, சரியாகக் காட்டவில்லை."

மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள், அதனால்தான் சண்டை தீரவே மாட்டேன் என்கிறது. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இருப்பது ஒன்று, கல்கி எழுதியது ஒன்று, மணிரத்னம் எடுத்தது ஒன்று. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையான ஓர் உண்மை தெரியவரும். ரசிகர்கள் எந்த இடத்தில் "வரலாற்றையே மாற்றிவிட்டார்கள்" என்று கொதிக்கிறார்களோ, அந்த இடத்தில் படம்தான் நாவலைவிடக் கல்வெட்டுக்கு நெருக்கமாக நிற்கிறது. படத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

## முதலில் உறவு முறை: அரியணைக்கு ஏன் போட்டி?

முதல் பாகத்தில் இதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

1. முதலாம் பராந்தக சோழனின் மூத்த மகன் இராஜாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் இறந்துபோனான். அதனால் அடுத்த மகன் கண்டராதித்தன் அரசனானான். அவன் மனைவிதான் செம்பியன் மாதேவி.

2. கண்டராதித்தன் இறந்தபோது அவன் மகன் மதுராந்தகன் சின்னக் குழந்தை. குழந்தையை அரியணையில் உட்கார வைக்க முடியாது, எனவே ஆட்சி கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயனிடம் போனது. அவனும் அதிக நாள் இல்லை. அவன் மகன் சுந்தர சோழன் 957 வாக்கில் அரசனானான்.

3. சுந்தர சோழனுக்கு மூன்று பிள்ளைகள்: ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. கரிகாலனுக்கு இளவரசுப் பட்டம் கட்டியாயிற்று. அருள்மொழிதான் பின்னால் இராஜராஜன்.

இதற்குள் மதுராந்தகன் வளர்ந்துவிட்டான். மூத்தவரின் மகன் நான், எனக்குத்தானே வரவேண்டும் என்று அவன் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. நடப்பு அரசனின் மகன் நான், பட்டமும் கட்டியாயிற்று என்று கரிகாலன் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் வழக்கு உள்ள சொத்துத் தகராறு இது. படத்தில் மதுராந்தகனைப் பேராசைக்காரனாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் தெரியாது.

## கல்லிலும் செப்பிலும் இருப்பது

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய ஒரு கல்வெட்டு உண்டு. ஆதித்த கரிகாலன் கொலை பற்றி நம் கையில் இருக்கும் நேரடிச் சான்று இதுதான். படித்தால் கொலை விசாரணை அறிக்கை போல இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது ஒரு நில விவகார ஆவணம். பாண்டியன் தலையைக் கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய நிலங்களைப் பறிமுதல் செய்து விற்பது பற்றி அந்த ஊர்ச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அதில் பதிவாகியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பெயர்களோடு வரும் பட்டங்கள். ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரம்மாதிராஜன்' என்றும், பரமேசுவரனுக்கு 'இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்' என்றும் பட்டம். பிரம்மாதிராஜன் என்பது பிராமண உயர் அதிகாரிகளுக்கு அரசர்கள் கொடுத்த பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன், இருமுடிச் சோழன் என்பதோ சோழப் பெயர். ஆக, கொலையில் சம்பந்தப்பட்டவர்கள் காட்டில் ஒளிந்து திரிந்த யாரோ அல்ல, அரசாங்கத்துக்குள்ளேயே மரியாதையோடு இருந்தவர்கள். படத்தில் ரவிதாசனையும் அவன் கூட்டத்தையும் சடாமுடியும் வெறிபிடித்த கண்ணுமாகப் பார்க்கிறோமே, அந்தத் தோற்றத்துக்கும் கல்வெட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

கொன்றவர்கள் யார் என்று கல்வெட்டு சொல்கிறது, தூண்டியவர் யார் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வரலாற்று ஆசிரியர்கள் மோதிக்கொண்டார்கள். கரிகாலன் செத்ததும் ஆட்சிக்கு வந்தவன் மதுராந்தகன் என்கிற உத்தம சோழன், ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆண்டவன், அவன் காலம் முடிந்து இராஜராஜன் வந்த பிறகுதான் இந்த நில ஆணை வருகிறது, ஆகவே உத்தம சோழன் மேல் சந்தேகம் விழத்தான் செய்யும் என்றார் நீலகண்ட சாஸ்திரி. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. என் கணக்கில் சந்தேகத்துக்கு இடம் உண்டு, தீர்ப்புக்கு இடம் இல்லை. உத்தம சோழனின் மகன் ஒருவன் பின்னால் இராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தை மேற்பார்க்கும் பொறுப்பில் இருந்திருக்கிறான். அண்ணனைக் கொன்றவனின் மகனுக்கு அந்த இடத்தைக் கொடுப்பார்களா என்று கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

இன்னொரு சான்று இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு. கரிகாலன் மறைவுக்குப் பிறகு மக்கள் அருள்மொழியை ஆளச் சொன்னார்கள், சிற்றப்பனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் விட்டுக்கொடுத்தான் என்று அது சொல்கிறது. பேரரசனின் அரசவையில் அவன் தந்தையைப் புகழ்ந்து எழுதியது என்பதை மனதில் வைத்துத்தான் இதைப் படிக்கவேண்டும். ஆனாலும் இந்த ஒரு செய்தியை ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் காட்சிக்கு வரும்போது தேவைப்படும்.

## கல்கி என்ன செய்தார்?

1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டு, வாரா வாரம் கல்கி இதழில் வந்த தொடர்கதை இது. ஐந்து பாகம், அச்சில் இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும். தொடர்கதை என்பதை மறந்துவிட்டு இந்த நாவலைப் பற்றிப் பேசவே முடியாது. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் ஒரு முடிச்சு விழவேண்டும், அடுத்த வாரம் அது பாதி அவிழ்ந்து இன்னொன்று விழவேண்டும், நடுவில் ஊர், கோயில், பாட்டு, வம்பு என்று எதையாவது பேசி வாசகரைச் சிரிக்க வைத்துக்கொண்டே நடக்கவேண்டும்.

கதைமாந்தரை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. சான்று வலுவாக உள்ளவர்கள்: சுந்தர சோழன், அவன் பிள்ளைகள், செம்பியன் மாதேவி, கரிகாலன் கொன்ற பாண்டிய அரசன் வீரபாண்டியன், சிற்றரசர்களான பழுவேட்டரையர் குலத்தார், கொடும்பாளூர் வேளிர், அமைச்சர் அநிருத்தர்.

2. ஒற்றைக் குறிப்பில் உயிர் பெற்றவர்: வந்தியத்தேவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையைக் குறிப்பிடும்போது 'வல்லவரையர் வந்தியத்தேவர் மாதேவியார்' என்று வருகிறது. கணவன் பெயர், அவ்வளவுதான். அதிலிருந்து அந்தக் குறும்புக்காரனை, வாயால் மாட்டிக்கொண்டு வாயாலேயே தப்பிக்கிறவனைக் கல்கி உருவாக்கினார். தமிழில் ஒரு கல்வெட்டு வரிக்கு இதைவிட நல்ல வட்டி கிடைத்ததில்லை.

3. முழுக் கற்பனை: நந்தினி, மந்தாகினி என்கிற ஊமை ராணி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், சேந்தன் அமுதன், மணிமேகலை.

பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவியாக, கரிகாலனின் பழைய காதலியாக வரும் நந்தினி கற்பனை என்று சொன்னால் இங்கே பலருக்கு அதிர்ச்சியாகவே இருக்கிறது. கதையை நகர்த்தும் கைகளில் பாதி அவளுடையது, ஆனால் அப்படி ஒருத்தி இருந்ததற்கு எங்கும் சான்று கிடையாது.

கல்கியின் பெரிய துணிச்சல் குழந்தை மாற்றம். செம்பியன் மாதேவிக்குப் பிறந்த ஆண் குழந்தை பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது. இறந்துவிட்டது என்று நினைத்து அதை வேறோர் ஊமைப் பெண்ணிடம் புதைக்கக் கொடுக்கிறார்கள். அரண்மனையில் வேறொரு குழந்தை, மந்தாகினி பெற்ற ஆண் பிள்ளை, இளவரசனாக வளர்கிறது. அவன்தான் மதுராந்தகன், நந்தினியின் உடன்பிறப்பு. செத்ததாக நினைத்த குழந்தை பிழைத்துப் பூக்காரக் குடும்பத்தில் சேந்தன் அமுதனாக வளர்கிறான். கடைசியில் மகுடம் சூட்டும் நேரத்தில் அருள்மொழி அதைத் தன் தலையில் வைத்துக்கொள்ளாமல் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்கு 'தியாகச் சிகரம்' என்று பெயர் வந்தது அதனால்தான்.

ஏன் இவ்வளவு சுற்றி வளைத்தார்? கல்கிக்கு முன் ஒரு சிக்கல் இருந்தது. கல்வெட்டுப்படி உத்தம சோழன் அரசனாகியே தீரவேண்டும். அருள்மொழியின் தியாகமோ கதையின் உச்சமாக இருக்கவேண்டும். சூழ்ச்சிக்காரர்களோடு கைகோத்த ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் அது தியாகமாகத் தெரியாது, அசட்டுத்தனமாகத் தெரியும். எனவே ஆசைப்பட்ட மதுராந்தகன் ஒருவன், ஆசையே இல்லாத, தேவாரம் பாடிப் பூத்தொடுக்கிற உண்மையான வாரிசு இன்னொருவன் என்று ஆளையே இரண்டாக்கிவிட்டார். வரலாற்றையும் மீறவில்லை, தியாகத்துக்கும் பொருத்தமான ஆள் கிடைத்துவிட்டான். தொடர்கதைக்காரரின் மூளை இது, படிக்கும்போதெல்லாம் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வரும்.

இதே திறமையைக் கொலையிலும் காட்டினார். கடம்பூர் மாளிகையில் யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன், கையில் வாளோடு நந்தினி, வெளியே பாண்டிய ஆபத்துதவிகள், மாறுவேடத்தில் பெரிய பழுவேட்டரையர், குறுக்கே மணிமேகலை. அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சபதம் செய்த மெய்க்காவல் படைதான் ஆபத்துதவிகள், தங்கள் அரசன் வீரபாண்டியனைக் காக்க முடியாதவர்கள் இங்கே பழிவாங்க வந்திருக்கிறார்கள். விளக்கு அணைகிறது. கரிகாலன் விழுகிறான். யார் கை என்று கல்கி கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. கல்வெட்டில் உள்ள இடைவெளியை அப்படியே இருட்டாக மாற்றிவிட்டார்.

## படம் வெட்டியதும் ஒட்டியதும்

எம்.ஜி.ஆர். 1958-இலேயே இதைப் படமாக்கப் போவதாக அறிவித்தார், நடக்கவில்லை. 1999-இல் சென்னையில் மேஜிக் லாண்டர்ன் குழு மேடை நாடகமாகப் போட்டது. அந்த நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேல்தான் மணிரத்னம், ஜெயமோகனுடன் சேர்ந்து படத்தின் திரைக்கதையையும் எழுதினார். எனவே நாவலைத் தெரியாதவர்கள் கை வைத்துவிட்டார்கள் என்ற புகார் நிற்காது. தெரிந்துதான் வெட்டினார்கள். இரண்டு பாகமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம், அதற்குள் இரண்டாயிரம் பக்கம் போகாது. எதை வெட்டினார்கள், அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

1. குழந்தை மாற்றம் போய்விட்டது. படத்தில் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் சொந்த மகன்தான். அருள்மொழி மகுடத்தை அவனிடமே கொடுக்கிறான். சேந்தன் அமுதன் இருக்கிறான், ஆனால் பூக்காரனாகவே நின்றுவிடுகிறான். நாவல் வாசகர்கள் அதிகம் கோபப்பட்டது இங்கேதான்.

ஆனால் திருவாலங்காட்டுச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சியில் ஆசைப்பட்ட சிற்றப்பனுக்காக அருள்மொழி விலகி நின்றான் என்றுதானே அதில் இருக்கிறது? படம் காட்டுவதும் அதையேதான். உத்தம சோழன் கண்டராதித்தனின் மகன் என்பதில் எந்தச் சான்றுக்கும் மாறுபாடு இல்லை. குழந்தை மாறியது என்பது கல்கியின் சொத்து. படத்தில் அது இல்லை என்று கேட்பது நியாயமான கேள்வி. வரலாற்றைத் திரித்துவிட்டார்கள் என்பதுதான் தலைகீழ்.

2. அந்த வெட்டில் இரத்தம் கசிந்த இடம் செம்பியன் மாதேவி. நாவலில் பெரிய புதிர் இது: பெற்ற தாயே தன் மகன் அரசனாகக் கூடாது என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறாள்? மகனைச் சிவபக்தனாக வளர்க்கச் சொன்னது கணவனின் விருப்பம் என்று வெளியே காரணம் சொல்கிறாள். உள்ளே இருக்கும் காரணம், அவன் தன் மகன் அல்ல என்று அவளுக்குத் தெரியும். அந்த இரகசியம் தெரிந்த பிறகு அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் நமக்கு வேறு மாதிரி கேட்கிறது. படத்தில் வெளிக்காரணம் மட்டும் மிச்சம். ஜெயசித்ரா அந்தக் கண்ணீரை ஒழுங்காகத்தான் நடித்திருக்கிறார், ஆனால் எதற்காக இவ்வளவு எதிர்ப்பு என்று நாவல் படிக்காத ஒருவர் கேட்டால் திரையில் பதில் இல்லை. முடிச்சை அவிழ்க்கும் காட்சியை எடுத்துவிட்டு முடிச்சை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

3. நாயகன் மாறிவிட்டான். நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. அந்த ஏரி, இன்று வீராணம் என்கிறோம், கொலையாளிகளின் பெயர் வெட்டியிருக்கும் உடையார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதையைக் கல்கி கரிகாலன் கொலையின் கல்வெட்டு நிற்கும் மண்ணில் சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கிறார். அப்புறம் நாவலின் பெரும்பகுதியில் வந்தியத்தேவன் கண்ணால்தான் இரகசியங்களை நாம் தெரிந்துகொள்கிறோம்.

படம் போர்க்களத்தில் கரிகாலனோடு தொடங்குகிறது. வந்தியத்தேவனாகக் கார்த்தி வரும்போதெல்லாம் பழைய கலகலப்பு திரும்புகிறது, முதல் பாகத்தைத் தூக்கி நிறுத்தியதே அவர்தான். ஆனால் இரண்டாம் பாகத்தில் படத்தின் மனம் முழுக்கக் கரிகாலன், நந்தினி பக்கம் சாய்ந்துவிடுகிறது. சிறு வயதுக் காதல், பிரிவு, பழி, குற்றவுணர்ச்சி. நாவலில் கரிகாலன் தன் பழைய கதையைச் சொல்லித்தான் நமக்குத் தெரியும், படத்தில் இரண்டாம் பாகமே அதோடுதான் திறக்கிறது. இது மணிரத்னத்துக்குக் கைவந்த இடம். சரியாகவே செய்திருக்கிறார், விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் கடம்பூர் அறையில் எதிரெதிரே நிற்கும் காட்சி இரண்டு பாகங்களிலும் மிகச் சிறந்தது என்பேன். கூட்டம், ஒளிந்திருப்பது, குழப்பம் எல்லாம் ஒதுங்கிவிட, பெரும்பாலும் இரண்டே பேர். சாவைத் தேடி வந்தவன் போலத்தான் கரிகாலன் நிற்கிறான்.

விலை என்னவென்றால், கொலை அரசியலாக இருந்தது காதலாகிவிட்டது. யார் கொன்றது என்ற கேள்வி போய், அவன் ஏன் சாக விரும்பினான் என்ற கேள்வி வந்துவிட்டது. பட்டம் பெற்ற அதிகாரிகள் சேர்ந்து ஓர் இளவரசனைக் கொன்ற சம்பவத்தில் இவ்வளவு தனிப்பட்ட சோகம் மட்டும் போதுமா? என் குறை இதுதான். கல்வெட்டு, நாவல் இரண்டுமே அதை ஓர் அரசாங்கத்துக்குள் நடந்த சதியாகப் பார்த்தன, படம் மட்டும் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டது.

4. மணிமேகலை இல்லை. வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்து, அவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளத் துணிந்து, கடைசியில் அவன் மடியில் உயிரை விடுகிறவள். நாவல் அவள் சாவோடுதான் முடிகிறது. நேரம் இல்லை என்றால் இவளை எடுத்துவிடுவது திரைக்கதைக்கு எளிது, புரிகிறது. ஆனால் ஐந்தாம் பாகத்தில் தியாகம் செய்கிறவர்கள் வரிசையில் அரசகுமாரன் மட்டும் மிஞ்சிவிட்டால், கல்கி சொல்ல வந்ததே சுருங்கிவிடுகிறது.

5. போர் சேர்ந்தது. இராஷ்டிரகூடர்களோடு வரும் இறுதிப் போர் நாவலில் கிடையாது. நாவலின் கடைசிப் பகுதி முழுக்கப் பேச்சு, வாக்குமூலம், இரகசியம் வெளியாவது. பெரிய திரைக்குப் பணம் கொடுத்து வந்தவர்களுக்கு யானையும் குதிரையும் வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். படத்தில் சீக்கிரம் மறந்துபோவதும் இந்தப் பகுதிதான்.

## குந்தவை: வெட்டியும் கெடாத இடம்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். முதல் பாகத்தில் குந்தவை சிற்றரசர்கள் கூடியிருக்கும் இடத்துக்குள் நுழைந்து, திருமணப் பேச்சை எடுத்து, இதுவரை ஒன்றாக நின்றவர்களை யார் மகள் அரசியாவாள் என்று ஒருவரை ஒருவர் பார்க்க வைத்துவிடுகிறாள். வாள் உருவவில்லை, குரல் உயரவில்லை. குந்தவையின் அறிவு கூர்மையானது என்று கல்கி பக்கம் பக்கமாகச் சொன்னதைப் படம் ஒரே காட்சியில் காட்டிவிட்டது. அதேபோல் குந்தவையும் நந்தினியும் தஞ்சை அரண்மனையில் நேருக்கு நேர் சந்திக்கும் இடம். சொற்கள் கொஞ்சம்தான், மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் பின்னால் நிற்கும் தோழிகளே மூச்சுவிடப் பயப்படுவார்கள் போலிருக்கும்.

தொழில்நுட்பத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. முதல் பாகத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு (ரவி வர்மன்), பின்னணி இசை (ஏ.ஆர். ரகுமான்), ஒலி வடிவமைப்பு என்று நான்கு தேசிய விருதுகள் கிடைத்தன.

## கோட்டைகள் ஏன் வடநாட்டுச் சாயலில் இருக்கின்றன?

அடிக்கடி வரும் கேள்வி. பதில் சுருக்கமானது: சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. அவர்கள் கல்லைக் கோயிலுக்கு வைத்துக்கொண்டு, தாங்கள் வாழ்ந்த மாளிகைகளைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது செங்கல் அடித்தளங்கள்தான் கிடைத்தன. தஞ்சாவூரில் நாம் சுற்றுலாவில் பார்க்கும் அரண்மனை நாயக்கர், மராத்தியர் காலத்தது. பெரிய கோயிலைக் காட்டலாமே என்றால், அது முடிந்தது 1010-இல், கதை நடப்பது 970-க்கு முன்பின்.

எனவே மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வர் போன்ற இடங்களில் படம் பிடித்தார்கள். ஓர்ச்சா அரண்மனைகள் கதைக்கு அறுநூறு ஆண்டு பிந்தியவை, புந்தேலா ராஜபுத்திரர்கள் கட்டியவை. அந்தக் கவிழ்ந்த கும்ப மாடங்களும் வளைவுகளும் சட்டகத்தில் எட்டிப் பார்க்கும்போது, கல்கி இதழில் தொடர்கதைக்கு மணியம் வரைந்த ஓவியங்களில் சோழரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும். மணியமும் நேரில் பார்த்து வரையவில்லை, உண்மைதான். ஆனால் அவர் கோயில் சிற்பத்திலிருந்து ஆடையையும் அணியையும் எடுத்துக்கொண்டார், அதனால் அவர் கற்பனைக்குத் தமிழ்நாட்டு முகம் இருந்தது.

## சரி, நம்ம கடாரம் எங்கே?

இங்கே மலேசியாவில் மட்டும் எழும் ஏமாற்றம் இது. சோழர் படம் என்றதும் கெடா, அதாவது கல்வெட்டு சொல்லும் கடாரம், வரும், கப்பற்படை வரும், அங்குள்ள பழங்கோயில் இடிபாடுகளின் பூஜாங் பள்ளத்தாக்கு வரும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் நிறையப் பேர். ஒன்றும் வரவில்லை.

காலக் கணக்கைப் பார்த்தால் வந்திருக்கவும் முடியாது. கடாரப் படையெடுப்பு 1025-இல் இராஜேந்திரன் செய்தது. படம் முடிவது இராஜராஜன் அரியணை ஏறுவதற்கே பதினைந்து ஆண்டு முன்னால். நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று தொடங்கி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றதைச் சொல்லும் வரிகள் இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் இருக்கின்றன. மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் வென்ற நாடுகளையும் செய்த செயல்களையும் வரிசையாகப் புகழ்ந்து சொல்லும் பகுதி.

ஆனால் கடாரம் படத்தில் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது, பெயர் இல்லாமல் ஒளிந்திருக்கிறது. கடலில் விழுந்து நோயில் கிடக்கும் அருள்மொழியை நாகப்பட்டினத்தில் புத்த பிக்குகள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் அல்லவா? நாவலில் அந்த இடம் சூடாமணி விகாரை. ஆனைமங்கலச் செப்பேடு, டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனதால் லைடன் செப்பேடு என்று பெயர் பெற்றது, அந்த விகாரையைக் கட்டத் தொடங்கியவன் கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் என்றும், அதன் செலவுக்காக இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான் என்றும் சொல்கிறது. அது 1006 வாக்கில். அதாவது கதை நடக்கும் காலத்துக்கு முப்பது ஆண்டுக்கு மேல் பிந்தியது, கல்கி அதை முன்கூட்டியே கடற்கரையில் நிறுத்திவிட்டார்.

பினாங்கிலிருந்து பாலத்தைக் கடந்து வடக்கே சுங்கை பட்டாணியைத் தாண்டிப் போனால் மெர்போக்கில், ஜெராய் மலை அடிவாரத்தில், புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயிலின் அடித்தளத்தைப் பார்க்கலாம். அந்தக் கடாரத்து அரச குடும்பத்துக்கும் இராஜராஜனுக்கும் ஒரு தலைமுறைக் காலம் நல்ல உறவு இருந்தது. ஒரு புத்த விகாரைக்குச் சைவ அரசன் ஊர் எழுதிக் கொடுக்கும் அளவு நெருக்கம். அப்பா கொடுத்த அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறிக்க வைத்தவன் மகன் இராஜேந்திரன். கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியவனும் அவன்தான். வணிகப் போட்டி காரணமா, சீனத்துக்குப் போகும் கடல்வழியைக் கையில் வைத்துக்கொள்ளும் ஆசையா, புகழா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கல்கி அந்தக் காலத்தை நாவலாக்கவில்லை, மணிரத்னமும் அந்தப் பக்கம் போகவில்லை.